பில் புத்தகங்களைப் போகியில் போடாதீர்கள்

கேள்வி: வணக்கம் அம்மா. 2009 முதல் இட்லிப்பொடி, பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி தயாரித்து, என் மாமியார் பெயரில் விற்று வருகிறோம். மஞ்சள் பாக்கெட், சிவப்பு எழுத்து, ஓரத்தில் அம்மி படம். டிரேட்மார்க் பதியவில்லை. எங்களிடம் கடைகளுக்குச் சரக்குப் போட்டுக்கொண்டிருந்தவர் விலகி, மூன்று ஆண்டுகளாக அதே பெயருக்கு முன்னால் 'ஸ்ரீ' சேர்த்து, மஞ்சள் பாக்கெட்டில் உரல் படம் போட்டு விற்கிறார். கேட்டால், "என் பாட்டிக்கும் இதே பெயர்தான், டிரேட்மார்க்குக்கு நான் விண்ணப்பித்தாயிற்று, நீங்கள்தான் நிறுத்த வேண்டும்" என்கிறார். வண்டு விழுந்த அவருடைய பாக்கெட்டுகளைக் கடைக்காரர்கள் எங்களிடம் திருப்பித் தருகிறார்கள். பெயரை மாற்றிவிடலாமா?
– வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: மாற்றாதீர்கள் சகோதரி. கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் மாமியார் பெயருக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நீங்கள் சேர்த்த நம்பிக்கையை இன்னொருவர் பாக்கெட்டில் அடைத்து விற்கிறார்.

யார் முதலில் பதிகிறாரோ அவருக்கே பெயர் சொந்தம் என்று வியாபாரிகள் பலர் நம்புகிறார்கள். அது தவறு. 1999ஆம் ஆண்டு வணிகக்குறிகள் (டிரேட்மார்க்) சட்டத்தின் 34ஆம் பிரிவு, ஒரு பெயரை முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தி வருபவரை, பின்னால் வந்து பதிவு பெற்றவர் தடுக்க முடியாது என்கிறது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 'இருட்டுக்கடை அல்வா' என்ற பெயருக்கு முன்னால் 'திருநெல்வேலி' என்று சேர்த்து வேறொருவர் விற்றார். அவரும் பதிவு வைத்திருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. முதலில் பயன்படுத்தியவரின் உரிமை பதிவு தரும் உரிமையைவிட மேலானது என்று 2015இல் தீர்ப்பாயிற்று. ஊர்ப் பெயரை முன்னால் ஒட்டியது அங்கே உதவவில்லை. 'ஸ்ரீ' இங்கே எப்படி உதவும்?

ஆனால் 2009 என்று நீங்கள் சொன்னால் போதாது, காகிதம் சொல்ல வேண்டும். நான் வழக்கறிஞர் தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் எண்ணெய் வியாபாரி வந்தார். முப்பது ஆண்டுப் பெயர், எதிரே ஒரு போலி. பழைய பில் புத்தகங்கள் எங்கே என்று கேட்டேன். வீட்டைச் சுத்தம் செய்தபோது எல்லாவற்றையும் போகியில் போட்டுவிட்டதாகச் சொன்னார். பிறகு கடை கடையாக அலைந்தோம். கடைசியில் ஒரு மளிகைக் கடையின் உள்ளறையில், சாமி படத்துக்குப் பின்னால், அவர் என்றோ அச்சடித்துக் கொடுத்த தினசரி காலண்டரின் அட்டை கிடைத்தது. பெயர், முத்திரை, ஆண்டு எல்லாம் அதில் இருந்தன. அந்த அட்டையைக் கையில் வாங்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்றே உட்கார்ந்து தேடுங்கள்: முதல் பாக்கெட் அச்சடித்த அச்சக ரசீது, உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று, கடைகளுக்குப் போட்ட பில்கள், கோயில் திருவிழா மலரில் கொடுத்த விளம்பரம். திரும்பி வந்த அந்த வண்டு விழுந்த பாக்கெட்டுகளையும் தூக்கி எறியாதீர்கள். எந்தக் கடை, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டிப் பத்திரப்படுத்துங்கள். ஜனங்கள் உண்மையிலேயே ஏமாறுகிறார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பாட்டி பெயர் என்ற வாதமும் நிற்காது. 35ஆம் பிரிவு காப்பது, ஒருவர் தன் சொந்தப் பெயரையோ, அந்த வியாபாரத்தைத் தனக்கு முன் நடத்தியவரின் பெயரையோ நேர்மையாகப் பயன்படுத்துவதை. அவருடைய பாட்டி பொடி விற்றாரா? உங்கள் சரக்கையே சுமந்து கடை ஏறி இறங்கியவர், உங்கள் பெயரை அறியாமல் வைத்துவிட்டதாக எந்த நீதிபதியிடம் சொல்வார்?

அம்மி வேறு, உரல் வேறு என்பார். பார்லே பிஸ்கட் வழக்கிலும் இப்படித்தான். இரண்டு உறைகளிலும் நடுவில் ஒரு சிறுமி, அருகே மாடு, முன்னால் கோழிகள். நுணுக்கங்கள் மட்டும் வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் தேடக் கூடாது, மொத்தத் தோற்றம் ஏமாற்றுமா என்றே பார்க்க வேண்டும் என்று 1972இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மளிகைக் கடையில் அவசரமாகக் கை நீட்டுபவர் பூதக்கண்ணாடியோடு வருவதில்லை.

உடனே உங்கள் பெயரில் விண்ணப்பம் போடுங்கள். சென்னை கிண்டியில் வணிகக்குறிப் பதிவகம் இருக்கிறது, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதிவுக்காகச் சரக்குகளை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; பொடி வகைகள் 30ஆம் வகுப்பு. தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். 2009 முதல் பயன்படுத்துவதை அதிலேயே குறிப்பிடுங்கள். அவருடைய விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் பதிவகத்தின் இணையதளத்தில் பாருங்கள். பதிவகத்தின் வணிகக்குறி இதழில் அது வெளியாகியிருந்தால் அன்றிலிருந்து நான்கு மாதத்துக்குள் எதிர்ப்பு மனு தர வேண்டும். அந்தக் கெடு நீளாது. பதிவே கிடைத்திருந்தாலும் அதை நீக்கக் கோரலாம். ஆனால் பதிவு பெற்ற அவர் விற்பதைத் தெரிந்தே ஐந்து ஆண்டுகள் வாய்மூடி இருந்தால், பிறகு கேட்கும் உரிமை போய்விடக்கூடும். அதனால் பொங்கல் கழியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளாதீர்கள்.

வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் போட வேண்டும். பதிவு இல்லாமலே, தன் சரக்கை உங்கள் சரக்காகக் காட்டி விற்கிறார் என்று வழக்குத் தொடரலாம். இடைக்காலத் தடையும் கேட்கலாம். பதிவு கைக்கு வரும்வரை, பதிவான பெயர் என்று காட்டும் வட்டத்துக்குள் 'ஆர்' (®) குறியை மட்டும் பாக்கெட்டில் போடாதீர்கள். அது சட்டப்படி தவறு; அவருக்கு நீங்களே பிடி கொடுத்ததாகிவிடும்.

கேள்வி: நாங்கள் விற்கும் வெல்லத்துக்கு 'சுத்தமான வெல்லம்' என்று டிரேட்மார்க் வாங்கி, மற்றவர்கள் அந்தச் சொல்லைப் போடாமல் தடுக்க முடியுமா?
– வாசகர், சேலம்

பதில்: முடியாது, முடியவும் கூடாது. சரக்கின் குணத்தைச் சொல்லும் சொல் எல்லா வியாபாரிகளுக்கும் பொது. நூடுல்ஸ் விற்கும் ஐடிசி நிறுவனம், தன்னுடைய 'மேஜிக் மசாலா'வைப் போல 'மேஜிக்கல் மசாலா' என்று போட்டதாக நெஸ்லேமீது வழக்குப் போட்டு, 2020இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே புகழ்ச்சொல் சொந்தமாகவில்லை. உங்கள் ஆலைக்கு ஒரு தனிப் பெயர் வையுங்கள், வெல்லத்தோடு சம்பந்தமே இல்லாத பெயராக இருந்தால் இன்னும் நல்லது. அதைப் பதியுங்கள்.