பார்மசி மாணவர்களுக்கும் ஹெபடைடிஸ் பி ஊசி வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

பி.பார்ம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போவதற்கு முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். நாங்கள் மருந்து எடுத்துக் கொடுக்கிறவர்கள்தானே, ஊசி போடுகிறவர்கள் இல்லையே? வகுப்பில் பலர் போட்டுக்கொள்ளவே இல்லை.
– மாணவி, தண்டையார்பேட்டை

கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள், தோழிகளையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். ரத்தம் வழியாகத் தொற்றிக் கல்லீரலைத் தாக்கும் வைரஸ் இது. வார்டில் மருந்து டிரேயில் மூடாத ஊசி கிடக்கும், குப்பைப் பைக்குள்ளிருந்தும் குத்தும். வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் மாலையில் மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற பிள்ளைகள் இருக்கிறீர்கள், அங்கேயும் வீட்டில் பயன்படுத்திய இன்சுலின் ஊசியைக் கொண்டுவந்து "இதே மாதிரி கொடுங்க" என்று கவுன்டரில் வைப்பவர்கள் உண்டு. காய்ந்த ரத்தத்தில்கூட இந்த வைரஸ் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். தடுப்பூசி போடாதவருக்கு நோயுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்ற 6 முதல் 30 சதவீதம் வரை வாய்ப்பு, எச்.ஐ.வி.க்கு அது சுமார் 0.3 சதவீதம்தான். நாம் பயப்படுவது என்னவோ எச்.ஐ.வி.க்கு.

எப்படிப் பரவும் என்று பரீட்சையில் கேட்டால் உங்களில் யாரும் தவற மாட்டீர்கள். கடைசி டோஸ் எப்போது போட்டீர்கள் என்று கேட்டால்தான் பதில் வராது, எனக்குக் கவலையே அதில்தான். தமிழ்நாட்டில் 2011 டிசம்பரில்தான் இந்தத் தடுப்பு மருந்தும் சேர்ந்த, ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி குழந்தைகளுக்கு வந்தது, நீங்களெல்லாம் அதற்கு முன்னே பிறந்தவர்கள், அதனால் சின்ன வயதில் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு இருக்காமல் பழைய தடுப்பூசி அட்டையை அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. இரண்டோடு நிறுத்தியவர்கள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போடலாம். மூன்றாவது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டி-எச்.பி.எஸ். டைட்டர் (உடலில் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள், 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும், குறைந்தால் மறுபடியும் போட வேண்டிவரும்.

ஒருவேளை குத்திவிட்டால்? சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள், பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், பிளீச்சிங் ஊற்றாதீர்கள். திட்டுவார்களோ என்று மறைக்காமல் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் தடுப்பூசி போடாதவருக்கு அந்தத் தடுப்பூசியோடு சேர்த்துக் கொடுக்கும் இம்யூனோகுளோபுலினை (வைரஸை எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் பொருளை) 24 மணி நேரத்துக்குள் போடுவதுதான் நல்லது, 7 நாள் தாண்டினால் பெரிதாகப் பயன் இல்லை.

ரத்த தானம் செய்யப் போன மகனுக்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். கண்ணெல்லாம் மஞ்சளே இல்லை. கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கட்டுமா? தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா?
– ஒரு தாய், காசிமேடு

தட்டைப் பிரிக்க வேண்டாம் அம்மா. சாப்பாட்டாலோ பக்கத்தில் உட்கார்வதாலோ இது ஒட்டாது, பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து அவன் மனசை நோகடித்துவிடாதீர்கள். ரேசர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி மட்டும் தனியாக இருக்கட்டும். வீட்டில் எல்லாரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கண் மஞ்சளாகாமலேயே வருஷக்கணக்கில் இருப்பவர்கள் நிறைய பேர்.

கீழாநெல்லி விஷயத்தில் நம் சென்னைக்கே ஒரு வரலாறு உண்டு. 1988-இல் இங்கே நடந்த ஆய்வு, நல்ல பலன் தெரிந்ததாக லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது, இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி பிளம்பெர்க்கும் அதை எழுதியவர்களில் ஒருவர். ஆனால் பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால் அதை நம்பி மாதங்களை விட்டுவிடாதீர்கள். ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 2018-இல் தொடங்கிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுக்கான தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது, ஆனால் எல்லாருக்கும் தொடர்ந்து பரிசோதனை தேவை.

கரண்ட் அடிக்கடி போகிறது. கடையில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை ஃப்ரீசரில் வைக்கலாமா?
– டி.பார்ம் மாணவர், வியாசர்பாடி

வேண்டவே வேண்டாம். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து இது, உறைந்தால் வீரியம் போய்விடும், உருகிய பிறகும் திரும்பாது. ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள், கதவுத் தட்டிலும் வேண்டாம். உறைந்துபோன குப்பி இருந்தால் முதலாளியிடம் சொல்லி ஒதுக்கிவிடுங்கள்.