வலிக்காத நெறி தானாகக் கரைந்துவிடுமா?

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். அக்கா மகளுக்கு 19 வயசு. கழுத்தில் வலப்பக்கம் நெறி கட்டி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வலிக்காத நெறி தானா கரைஞ்சிடும்ங்கறாங்க. சேலம் இறங்கி வந்து காட்டணுமா?

பதில்: காட்டணும். இந்த வாரத்துக்குள்ளேயே.

வலிக்காத நெறி, அதாவது வீங்கிய நிணநீர் முடிச்சு, ஒண்ணும் செய்யாது என்பது நம் பக்கத்தில் ஊறிப்போன பேச்சு. உண்மை கிட்டத்தட்ட நேர்மாறு. தொண்டைப்புண், சொத்தைப்பல், பேன் கடித்துச் சொறிந்த மண்டைப்புண் இதெல்லாம் வந்தால் நெறி இரண்டு மூன்று நாளில் வீங்கும். அதன் மேலுறை சட்டென்று இழுபடுவதால் தொட்டாலே வலிக்கும். புண் ஆறினால் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் வற்றிவிடும். காசநோய் நெறியும் புற்று நெறியும் நிதானமாக வளர்கிறவை. உறை மெல்ல மெல்ல விரிந்து கொடுப்பதால் வலி பெரும்பாலும் தெரியாது. உடனே 'எல்லாருக்கும் கேன்சர்னு பயமுறுத்துறீங்களா' என்று கருத்துப் போட வருகிறவர்களுக்கு: இல்லை, வலிக்காத நெறியிலும் பெரும்பாலானவை புற்று இல்லை. வலி இல்லையே என்று மாசக்கணக்கில் உட்கார்ந்திருக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

கிளம்பும் முன் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். பெண்ணை உட்கார வைத்து, பின்னால் நின்று, விரல் நுனியைத் தோலோடு சேர்த்து வட்டமாக உருட்ட வேண்டும். உங்கள் உதட்டைத் தொட்டால் எப்படி இருக்கிறதோ அதுபோல் மெத்தென்று இருந்து, விரலுக்கடியில் நழுவினால் அவ்வளவு பயம் வேண்டாம். மூக்கு நுனி போல, அழிரப்பர் போல இருந்தால் காட்டியாக வேண்டும். நெற்றி எலும்பு போல் கெட்டியாக, அசையாமல் அப்பியிருந்தால் நாளைக்கே காட்டுங்கள். இரண்டு மூன்று நெறிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகத் தட்டுப்பட்டால் டாக்டர் முதலில் நினைப்பது காசநோயை. பழைய வைத்தியத்தில் கண்டமாலை என்றது பெரும்பாலும் இதைத்தான். அளவு 1 செ.மீ. வரை சாதாரணம், தாடைக்கோணத்தின் கீழே 1.5 செ.மீ. வரை விடலாம். ஒரு ரூபாய் நாணயம் 2 செ.மீ. அல்லது அதற்குக் கொஞ்சம் கூடுதல், அதை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். காறை எலும்புக்கு மேல் உள்ள குழியில் தட்டுப்பட்டால் மட்டும் அளவே பார்க்க வேண்டாம், எவ்வளவு சின்னதானாலும் காட்ட வேண்டும். மார்பிலோ வயிற்றிலோ உள்ள நோய் அங்கே வந்து தலைகாட்டும். தினமும் அமுக்கிப் பார்க்காதீர்கள், அதனாலேயே கன்றிப்போகும். வாரம் ஒரு முறை போதும்.

காது மடலுக்குக் கீழே, தாடைக்கோணம் மறைகிற மாதிரி வீங்கி, காது மடல் தூக்கிக்கொண்டால் அது நெறி அல்ல, பொன்னுக்கு வீங்கி.

மாலைக் காய்ச்சல், ராத்திரி துணி நனைகிற வியர்வை, ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை குறைவது, குரல் கம்முவது, புகையிலை அடக்குகிற கன்னத்தில் மூன்று வாரமாக ஆறாத புண், இதில் ஒன்று கூடச் சேர்ந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. மூச்சுத் திணறல், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமல் வடிவது, நாக்குக்கு அடியில் வீக்கம் இவற்றுக்கு ஓ.பி. சீட்டு கிடையாது, நேரே அவசரப் பிரிவு. மலையில் இருப்பதால் இன்னொன்று: காப்பித் தோட்டத்திலோ புதரிலோ வேலை செய்தவருக்குக் கடுங்காய்ச்சலோடு நெறி கட்டினால் காதின் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு எல்லாம் பாருங்கள். சிகரெட்டால் சுட்டது போல் வலிக்காத கறுப்புப் பொருக்கு இருந்தால் அது ஸ்க்ரப் டைபஸ் எனும் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு நெறி தானாக வற்றுமா என்று வாரக்கணக்கில் காத்திருப்பதெல்லாம் பொருந்தாது. அன்றைக்கே டாக்டர்.

இப்போது என் ஆதங்கம். மருந்துக்கடையில் சீட்டே இல்லாமல், கலர் கலராக நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்களே, அதில் ஒரு குட்டி வெள்ளை மாத்திரை பல சமயம் ஸ்டீராய்டு. சாப்பிட்டால் நெறி சுருங்கும், கடைக்காரர் கைராசிக்காரர் ஆகிவிடுவார். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று இருந்தால் அதுவும் தற்காலிகமாகச் சுருங்கும், பிறகு சதை எடுத்துப் பார்த்தாலும் பிடிபடாமல் போகலாம். சிப்ரோ, லிவோ வகை ஆன்டிபயாடிக் காசநோயை அதே மாதிரி மறைக்கும். சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் போட்டால் தோல் வெந்துவிடும், அப்புறம் டெஸ்டுக்கு ஊசி போடும் இடத்திலேயே புண் இருக்கும். இலையரைத்துக் குடிக்கச் சொல்லும் பதிலுக்கு இங்கே விழும் ஆதரவு வாக்குகளைப் பார்த்தால் எழுதவே கை வருவதில்லை.

சேலம் ஜி.எச்.சில் காது மூக்கு தொண்டை ஓ.பி.யில் காட்டலாம். வாய், பல், தொண்டை பார்த்துவிட்டு ரத்தம், மார்பு எக்ஸ்ரே, கழுத்து ஸ்கேன் எழுதுவார்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் நெறியில் காசநோய் இருக்கலாம். அடுத்தது ஊசி டெஸ்ட், அதாவது எஃப்.என்.ஏ.சி. மெல்லிய ஊசியால் உறிஞ்சிக் கண்ணாடித் தகட்டில் பூசுவார்கள், பத்து நிமிட வேலை. ஊசி குத்தினால் நோய் பரவும் என்று பயந்து மறுக்காதீர்கள். உறிஞ்சியதில் கொஞ்சத்தை சி.பி.நாட் டெஸ்டுக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். காசநோய்க் கிருமி இருக்கிறதா, காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பது இரண்டே மணி நேரத்தில் அந்த மெஷினில் தெரியும். லிம்போமா சந்தேகம் என்றால் ஊசி போதாது, நெறியை முழுதாக எடுப்பார்கள். அப்போது முழுவதையும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் செய்ய, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு துண்டு சலைனில் (உப்புநீரில்) தனியாக லேபுக்குப் போக வேண்டும். சீழ் கோத்திருக்கிறது என்று யாராவது கத்தியால் கீறப் போனால் ஊசி டெஸ்ட் ஆகட்டும் என்று நிறுத்துங்கள். காசநோய்க் கட்டியைக் கீறினால் புரையோடி மாசக்கணக்கில் ஒழுகும்.

காசநோய் என்றே வந்தாலும் ஆறு மாத மருந்து அரசில் இலவசம். முதல் 2 மாதம் நாலு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று. சத்துணவுக்காக 2024 நவம்பர் முதல் மாதம் ரூ.1000 வங்கிக் கணக்கில் வரும், ஆதாரும் பாஸ்புக்கும் கொண்டு போங்கள். நெறியில் மட்டும் இருந்தால் அது வீட்டில் யாருக்கும் ஒட்டாது. தட்டு டம்ளரைப் பிரித்து வைத்து, கல்யாணப் பேச்சுக்குப் பயந்து மறைத்து, அந்தப் பெண்ணை வாட்டாதீர்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், அது மருந்தின் நிறம். கண்ணோ தோலோ மஞ்சளானால் மட்டும் உடனே போங்கள். மாத்திரை ஆரம்பித்த சில வாரத்தில் நெறி முன்னைவிடப் பெரிதாவதும், பக்கத்தில் புதிதாக ஒன்று கிளம்புவதும் உண்டு. செத்த கிருமிக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பாகவே அது பெரும்பாலும் இருக்கும். மருந்து கொடுத்த இடத்திலேயே காட்டுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.