தட்டணு எண்ணிக்கையை விடுங்கள், பாதத்தைத் தொட்டுப் பாருங்கள்

"ஆறு வயதுப் பேரன் டெங்குவோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறான். நேற்றோடு காய்ச்சல் விட்டது. தட்டணு (பிளேட்லெட்) 28 ஆயிரம். ஏற்றச் சொன்னால் டாக்டர் மறுக்கிறார். மதுரைக்குக் கொண்டுபோகட்டுமா? பப்பாளி இலைச்சாறு கொடுக்கலாமா? காலெல்லாம் சிவப்புப் புள்ளி வேறு."
– தேவகோட்டை வாசகி

ஆச்சி, எங்காவது ரத்தம் கசிந்து பிள்ளை கைமீறிப் போய்விடுமோ என்பதுதான் உங்கள் பயம். ரத்தக்கசிவு இல்லையென்றால் 28 ஆயிரத்தில் தட்டணு ஏற்ற வேண்டாம். உங்கள் டாக்டர் செய்வது சரி. 10 ஆயிரத்துக்குக் கீழே இறங்கினாலோ, மூக்கிலோ வயிற்றிலோ ரத்தம் நிற்காமல் வந்தாலோதான் அந்தப் பேச்சு. வெண்டிலேட்டரில் இருக்கும் பிள்ளைக்கும், அறுவைக்குப் போகும் பிள்ளைக்கும் கணக்கு வேறு.

ஏற்றி வைத்தால் என்ன கெட்டுவிடும் என்பீர்கள். டெங்குவில் உடம்பே தட்டணுவை அழிக்கிறது. ஏற்றியதும் சீக்கிரமே அழிந்துபோகும். பெரியவர்களிடம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், முன்கூட்டி ஏற்றியது ரத்தக்கசிவைத் தடுக்கவில்லை. தட்டணுப் பையை 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைப்பார்கள். அந்தச் சூட்டில் கிருமி வளர இடமுண்டு. ஒவ்வாமையும் நுரையீரலில் நீர் கோப்பதும் வரலாம். குறைமாதக் குழந்தைகளிடம் நடந்த 2019 ஆய்வில், 50 ஆயிரத்துக்குக் கீழே வந்ததுமே ஏற்றியவர்களில் 26 சதவீதத்தினருக்கு மரணமோ பெரிய ரத்தக்கசிவோ நேர்ந்தது. 25 ஆயிரம் வரை பொறுத்தவர்களில் 19. அது வேறு வயது, வேறு நோய்தான். ஆனாலும் தேவையில்லாமல் ஏற்றுவது கெடுதலாகலாம் என்று காட்டியது.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. காய்ச்சல் விட்ட அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தானது. ரத்தக்குழாயிலிருந்து நீர் வெளியே கசியும். மணிக்கொருமுறை பாதத்தைத் தொடுங்கள். சில்லென்றிருந்தால் விரல் நகத்தை 5 விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். தாமதமானாலும், விடாத வயிற்றுவலி, அடுத்தடுத்து வாந்தி, 6 மணி நேரமாக மூத்திரமில்லை, பிள்ளை துவண்டு கிடக்கிறது என்றாலும் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள். பி.சி.வி. என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. அது 35இலிருந்து 42க்கு ஏறியிருந்தால் நீர்க்கசிவு பலமாகிவிட்டது என்று பொருள். அதற்கு மருந்து, அளந்து ஏற்றும் சலைன்தான்; தட்டணு அல்ல.

இந்த நேரத்தில் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு மதுரைக்கு ஓடாதீர்கள். வழியில் பிரஷர் இறங்கினால் யார் பார்ப்பது? டாக்டரே அனுப்பினால் மட்டும், சலைன் ஓடிக்கொண்டிருக்க 108இல் போங்கள்.

சிவப்புப் புள்ளிக்குப் பயம் வேண்டாம். பப்பாளிச் சாறு கூடவே கூடாது: கசப்பை ஊற்றிவிட்டு, அவன் வாந்தியெடுப்பது நோயாலா சாற்றாலா என்று டாக்டரைத் திணற வைக்காதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் சிரப்பில் ஐபுபுரூஃபன், மெஃபனமிக் அமிலம் என்று எழுதியிருந்தால் கொட்டிவிடுங்கள். இரைப்பையில் ரத்தம் வரவைப்பவை அவை.

காய்ச்சல் விட்ட சில நாளில் தட்டணு தானே ஏறும். அதற்குள் வளவு முற்றத்தில் மழைத்தண்ணி பிடித்த அண்டாக்களைக் கவிழ்த்து, உள்பக்கம் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். கொசு முட்டை பாத்திரத்தின் சுவரில்தான் ஒட்டியிருக்கும்.