மரத்துக்குக் கார்பன் பணம்: கேள்வி–பதில்

கேள்வி: 'மரம் நட்டுத் தருகிறோம், சிசிபி சான்று பெற்ற கார்பன் திட்டம்' என்று ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். கையெழுத்துப் போடலாமா? – விவசாயி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சிசிபி என்பது பருவநிலை, ஊர் மக்கள், பல்லுயிர் மூன்றுக்கும் நன்மை உண்டா என்று பார்க்கும் தரநிலை. 2005-இல் முதல் பதிப்பு வந்தது. இப்போது அமெரிக்காவின் வெர்ரா அமைப்பு நடத்துகிறது. மரம் இழுத்துச் சேர்த்த கார்பன் டை ஆக்சைடை டன்னில் கணக்கிட்டு விற்கும் அலகுதான் கிரெடிட். இந்தச் சான்றை வைத்து மட்டும் ஒரு கிரெடிட்கூட விற்க முடியாது. அந்த டன் கணக்குக்கு விசிஎஸ் (வெர்ராவின் கார்பன் கணக்குத் தரநிலை) போன்ற வேறு தரநிலை வேண்டும். சிசிபி அதன் மேல் குத்தும் முத்திரைதான்.

சான்றைக் காட்டினால், எந்தக் கட்டம் என்று கேளுங்கள். முதல் கட்டத்தில் தணிக்கையாளர் திட்ட வடிவமைப்பை மட்டுமே சரிபார்க்கிறார். நட்டது பிழைத்ததா, மக்களுக்குப் பலன் வந்ததா என்பது இரண்டாம் கட்டத்தில்தான் தெரியும். நிறுவனத்தார் நீட்டுவது முதல் கட்டத் தாளாகவும் இருக்கலாம்!

உள்ளூர் மொழியில் திட்டச் சுருக்கம் தர வேண்டும் என்பது விதி. தமிழில் கேட்டு வாங்குங்கள். திட்ட ஆவணம் 30 நாள் பொதுக் கருத்துக்கு வைக்கப்படும். ஆட்சேபம் இருந்தால் அப்போதே எழுதுங்கள். புறம்போக்கில் ஆடு மேய்ப்பவர்களிடமும் முன்கூட்டியே விளக்கி, வற்புறுத்தாமல் ஒப்புதல் பெற்றார்களா? அவர்களை விரட்டினால் மேய்ச்சல் பக்கத்துக் காட்டுக்குப் போகும். அங்கே ஆகும் அழிவைக் கணக்கில் கழிக்க வேண்டும்.

கேள்வி: தைல மரம் நடலாமா?

பதில்: அயல் மரமென்றால் பாதிப்பை விளக்கி, ஏன் அதுவே தேவை என்று நியாயம் சொல்ல வேண்டும். சீமைக்கருவேலம் போலப் பரவி ஆக்கிரமிக்கும் இனத்தைப் புதிதாக நுழைக்கவே கூடாது. இயற்கைப் புல்வெளியை அழித்து மரம் நட்டால், அழித்துப் பத்து ஆண்டு ஆகாதவரை விசிஎஸ் ஏற்காது.

கேள்வி: ஒரு கிரெடிட்டுக்கு எத்தனை மரம்?

பதில்: ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு. வேரோடு சேர்த்து உலர் எடை 100 கிலோ உள்ள மரத்தில் கார்பன் சுமார் 47 கிலோ. அதை 44/12-ஆல் பெருக்கினால் 172 கிலோ. ஆக, ஆறு மரத்துக்கு ஒரு கிரெடிட். அதிலும் தீ, புயல் இழப்புக்காக ஒரு பங்கைப் பொதுக் காப்பிருப்பில் எடுத்துக்கொள்வார்கள்.

மரத்தின் எடையைத் தண்டின் பருமனை வைத்துச் சூத்திரத்தால் கணக்கிடுவார்கள். தண்டைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். நாடா காட்டுவது சுற்றளவு; சூத்திரம் கேட்பது விட்டம். 3.14-ஆல் வகுக்காமல் 47 சென்டிமீட்டரை அப்படியே பதிந்தால், 15 சென்டிமீட்டர் மரம் ஏட்டில் மூன்று மடங்கு பருத்துவிடும். தணிக்கையாளர் மறுபடி அளக்கும்போது மொத்தக் கணக்கும் சரியும்.