வாசற்படியில் இருந்த உறுப்பினர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளராகச் சென்ற ஆண்டு பொறுப்பேற்றேன். மொத்தம் 120 வீடுகள். கூட்டத்துக்கு வருபவர்கள் 11 பேர். வாடகைக்கு இருப்பவர்களை விதிப்படி சேர்ப்பதில்லை என்பதால் உரிமையாளர்களுக்கு மட்டும் அழைப்பு அனுப்புகிறோம். வாட்ஸ்அப் குழுவில் குறை சொல்ல எல்லோரும் இருக்கிறார்கள், சந்தா கேட்டால் ஒருவரும் இல்லை. வராதவர்களுக்கு அபராதம் விதிப்பது சரியா?

உங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்வி அபராதத்தைப் பற்றியது. என்னைத் தடுத்து நிறுத்தியதோ, போகிறபோக்கில் நீங்கள் எழுதிச் சென்ற ‘விதிப்படி சேர்ப்பதில்லை’ என்ற வரி. சில வாரங்களாக என் தந்தையின் பழைய நோட்டு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்தப் பதில் உங்கள் கேள்வியைவிட்டு விலகிப் போனால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆட்கள் வராததில் வியப்பில்லை. சந்தா கொடுத்தவர் வாசலிலும் கொடுக்காதவர் வாசலிலும் தெருவிளக்கு ஒரே மாதிரிதான் எரியும். உழைக்காமலே பயன் கிடைக்கும் இடத்தில் மற்றவர் உழைக்கட்டும் என்று பலரும் ஒதுங்கிவிடுவார்கள் என்பதைப் பொருளியலாளர் மான்சர் ஓல்சன் 1965-லேயே விரிவாக வாதிட்டார். வாட்ஸ்அப் குழுவைப் பற்றிய உங்கள் புலம்பலை விட்டுவிடுகிறேன். குறை சொல்லவும் ஓர் இடம் வேண்டும்தானே.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். அந்த 120 வீடுகளில் எத்தனை வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தில் அந்த எண் இல்லை. தேவை என்றே உங்களுக்குத் தோன்றவில்லை. உரிமையாளர் வேறெங்கோ வசிக்க, அடைத்துக்கொண்ட கழிவுநீரின் நாற்றத்தோடு இரவெல்லாம் படுத்திருப்பவரை வெளியே நிறுத்திவிட்டு, யாருமே வரவில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள். குடியிருப்போர் சங்கம் என்று பலகை மாட்டிக்கொண்டு வீட்டுக்காரர் சங்கம் நடத்துகிறீர்கள், ஐயா.

நாங்கள் வாடகை வீட்டில் இருந்தவர்கள். என் தந்தைக்கு நல்ல கையெழுத்து. தெருச் சங்கத்தின் மனுக்களை எல்லாம் அவர்தான் எழுதுவார். கூட்டம் நடக்கும்போது மட்டும் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார், உறுப்பினர் அல்லாதவருக்கு உள்ளே நாற்காலி இல்லை என்பதால். எந்தக் கம்பத்தின் விளக்கு எந்த நாளில் அணைந்தது, மனு யார் கையில் கொடுக்கப்பட்டது, அதற்கு இட்ட எண் என்ன, மறுபடி எப்போது போய்க் கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் அந்த நோட்டில் குறித்திருக்கிறார். சங்கத்தின் வேலையில் பெரும்பகுதி இதுதான், கொடுத்த மனுவை மறக்காமல் இருப்பது. அதிகாரி மாறுவார், கோப்பு மேசை மாறும். நோட்டு வைத்திருப்பவர் அதே எண்ணைச் சொல்லிக்கொண்டு மறுபடி போய் நிற்பார். வீடு மாறியபோது நோட்டைச் செயலாளரிடம் ஒப்படைக்கப் போனார். ‘நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முடியாமல் நின்ற ஏழு மனுக்கள் அந்த நோட்டோடு எங்கள் புது வீட்டுக்கு வந்தன.

பாசன நீர், காடு, மீன்வளம் போன்றவற்றை மக்கள் தாமே நெடுங்காலம் காப்பாற்றிய இடங்களை ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரம், 1990-இல் அவற்றின் பொதுக்கூறுகளைத் தொகுத்தார். 2009-இல் பொருளியல் நோபல் பெற்ற முதல் பெண் அவர். விதிக்குக் கட்டுப்படுபவர்களில் பெரும்பாலோருக்கு அதை மாற்றுவதிலும் பங்கு இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. தண்டனை சிறியதாகத் தொடங்கிப் படிப்படியாகவே கூட வேண்டும் என்பது இன்னொன்று. நீங்களோ முதலாவதைத் தொடாமல் இரண்டாவதைக் கையில் எடுக்கிறீர்கள்.

1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியபோது, மானோ என்ற பகுதியின் மக்கள் வாளிகளைக் கைமாற்றித் தீயோடு போராடினார்கள். 1960-களில் தொழிற்சாலை மாசை எதிர்த்துக் கூடிய நாளிலிருந்து ஒன்றுசேர்ந்து பழகியவர்கள் அவர்கள். வாளி வரிசையில் நிற்பவரிடம் வீட்டுப் பத்திரத்தைக் கேட்க முடியாது.

விதியைத் திருத்துவதை அடுத்த பொதுக்குழுவின் முதல் பொருளாக வையுங்கள். அழைப்பை 120 வீடுகளுக்கும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். கதவைத் திறப்பவரிடம் வீடு யாருடையது என்று கேட்காமல், என்ன குறை என்று கேட்டுத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். கடிந்து எழுதிவிட்டேன். யாரும் விரும்பி ஏற்காத பொறுப்பை ஏற்றிருக்கிறீர்கள் என்பதால்தான் இவ்வளவு உரிமை எடுத்துக்கொள்கிறேன். அபராதத்தைப் பற்றி அந்தக் கூட்டம் முடிந்த பிறகு எழுதுங்கள்.