குவாங்சோ போகிறோம்: பையில் என்ன, ஃபோனில் என்ன?

கேள்வி: அக்கா, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் எங்களுக்கு ஜிப், பட்டன், லேஸ் விற்கிற கடை இருக்கு. அடுத்த மாசம் அப்பாவைக் கூட்டிக்கிட்டு சரக்கு பார்க்க சீனாவில் குவாங்சோ போறேன், எட்டு நாள். அப்பாவுக்கு 67 வயசு. அங்கே டீ குடிச்சாலும் ஃபோன்லதான் காசு கட்டணும்னு சொல்றாங்க. அப்பா இன்னும் பட்டன் ஃபோன்தான் வச்சிருக்கார், "டாலர் இருந்தா போதும்டா" என்கிறார். பர்மா பஜாரில் பவர் பேங்க், பிளக் அடாப்டர், அப்பாவுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் ஃபோன் வாங்கிடலாமா?

பதில்: தம்பி, துணிமணியைக் கிளம்புகிற அன்று ராத்திரி அடுக்கிக்கொள்ளலாம். ஃபோனையும் கார்டையும் இன்றைக்கே எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு நாளும் உங்களுக்குச் சோறு போடப்போவது அவைதான்.

நம்ம யுபிஐ சிங்கப்பூர், துபாய், இலங்கை, நேபாளம் என்று சில இடங்களில் நடக்கிறது. சீனக் கடையில் ஜிபே இருக்கிற தைரியத்தில் போய் நிற்காதீர்கள். அங்கே ஓடுவது அலிபேயும் வீசாட் பேயும். இதில் வீசாட்டை நம் அரசு 2020 ஜூனில் தடை செய்த 59 செயலிகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டது, ஆகவே அலிபேயைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்து, விசா கார்டு அல்லது மாஸ்டர்கார்டு ஒன்றை அதில் சேர்க்க வேண்டும். இதை வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடுங்கள். அங்கே இறங்கின பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ராத்திரி பதினொரு மணிக்கு விமான நிலைய வாசலில் ஓடிபிக்காக நிற்பீர்கள்.

கார்டில் ஒரு சங்கதி உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபர் 1 முதல் புதிதாக வரும் கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டும் வேலை செய்யும்படிதான் தரப்படுகின்றன. வெளிநாட்டு உபயோகத்தை நாம்தான் வங்கி செயலிக்குள் போய்த் திறந்துவிட வேண்டும். உங்கள் கார்டில் அது திறந்திருக்கிறதா, தினசரி வரம்பு எவ்வளவு என்று பாருங்கள். அப்பாவிடம் இருப்பது சாதாரண உள்நாட்டு ரூபே கார்டு என்றால் அது அங்கே உதவாது. அவருக்கும் ஒரு விசா கார்டு கேட்டு வாங்குங்கள், வந்து சேரவே பத்து நாள் ஆகலாம்.

செலவுக் கணக்கு இது. அலிபேயில் வெளிநாட்டு கார்டு வைத்து 200 யுவானுக்குள் கட்டினால் அவர்கள் கட்டணம் பிடிப்பதில்லை, அதற்கு மேல் போனால் 3 சதவீதம். இது தவிர நம் வங்கி அந்நியச் செலாவணிக்கென்று தனியாக எடுக்கும், அதை மார்க்-அப் என்பார்கள். பல கார்டுகளில் அது மூன்றரை சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆயிரம் ரூபாய்க்கு 41 ரூபாய் 30 காசு. குறைந்த மார்க்-அப் கார்டுகளும் இருக்கின்றன, வங்கியில் அந்த ஒரு எண்ணை மட்டும் கேளுங்கள். ரிவார்டு பாயின்ட், லவுஞ்ச் என்று பேச்சை மாற்றினால் விடாதீர்கள்.

சரக்கு பார்க்கப் போகிறீர்கள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு கார்டு சேர்த்த அலிபேயில் கடைக்குப் பணம் கட்டலாம், தனி ஆளுக்கு அனுப்ப முடியாது. சோங்டா துணிச் சந்தை மாதிரி இடங்களில் சின்னக் கடைக்காரர் தன் சொந்த க்யூஆரை நீட்டினால் உங்கள் பணம் போகாமல் நின்றுவிடலாம். சாம்பிளுக்கு நூறு இருநூறு யுவான் கொடுக்கிற இடத்தில் நோட்டுதான் கை கொடுக்கும். பெரிய ஆர்டருக்கான பணத்தைச் சுற்றுலாக் காசில் கட்டவே கட்டாதீர்கள். அது இறக்குமதியாளர் குறியீட்டு எண்ணோடு உங்கள் வங்கி வழியாகப் போகட்டும்.

இரண்டு வருஷம் முன்னால் நான் போனபோது என் ப்ரீபெய்டு பேக்கின் செல்லுபடி ஐந்தாம் நாள் முடிந்ததை நான் கவனிக்கவில்லை. நூடுல்ஸ் கடையில் சாப்பிட்டு முடித்துப் பணம் கட்டப் போனேன், வங்கி ஓடிபி அனுப்பியது, எனக்கு வரவில்லை. கையில் இருந்தது டாலர் மட்டும். பதினைந்து யுவான் பில். எனக்குப் பின்னால் நின்ற பெண் பேசாமல் தன் ஃபோனைக் காட்டிக் கட்டிவிட்டுப் போனாள். திருப்பித் தர முயன்றேன், கையை ஆட்டிச் சிரித்தாள், அவ்வளவுதான். அவளை நினைக்கும்போதெல்லாம் நன்றியாக இருக்கிறது, கூடவே நெஞ்சு படபடக்கிறது. அதனால் சொல்கிறேன்: நம்பரின் செல்லுபடி திரும்பி வருகிற நாளுக்கு ஒரு வாரம் மேலேயே இருக்கட்டும், சர்வதேச ரோமிங்கை இங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். 10, 20 யுவான் நோட்டாக ஒரு 500 யுவான், உங்களிடம் பாதி, அப்பாவிடம் பாதி. சட்டப்படி கடைக்காரர் நோட்டை மறுக்கக் கூடாது, ஆனால் சில்லறை இருக்காது. ஆகவே நூறு நூறாகக் கொண்டுபோய்ப் பயனில்லை.

இப்போது அப்பா. அவரும் கல்லாவில் உட்கார்ந்தவர், எட்டு நாளும் மகன் பின்னாலேயே நின்று கை நீட்டிக்கொண்டிருக்க அவருக்குப் பிடிக்காது. அவர் தனியாக ஒரு தண்ணீர் பாட்டில் வாங்க முடிய வேண்டும், சந்தைக்குள் உங்களைத் தவறவிட்டால் ஓட்டலுக்கு வந்து சேர முடிய வேண்டும். அவர் பாஸ்போர்ட்டில், அவர் கார்டில், அவருக்கென்று ஒரு அலிபே. அதற்கு ஃபோன் வாங்கவே வேண்டாம். வீட்டு டிராயரில் உங்கள் பழைய ஃபோன் கிடக்கும். பேட்டரி மட்டும் மாற்றிக் கொடுங்கள். வாங்கியே தீர வேண்டும் என்றால், கடையிலேயே *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்த ஃபோனின் அடையாள எண்ணை, அரசின் சஞ்சார் சாத்தி செயலியில் சோதியுங்கள். தடை செய்யப்பட்டது என்று வந்தால் அந்த ஃபோன் ஓசியில் கிடைத்தாலும் வேண்டாம். பில் தராத கடையிலும் வேண்டாம். கிளம்பும் முன் பத்து நாள் அவர் அதில் தெருமுனை மளிகைக் கடையில் யுபிஐ ஸ்கேன் பண்ணிப் பழகட்டும். ஸ்கேன் பண்ணுகிற கை எந்த ஊரிலும் ஒன்றுதான்.

பவர் பேங்க் விஷயத்தில் மட்டும் பர்மா பஜார் மலிவைப் பார்க்காதீர்கள். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-மணி, அது போதும். ஆனால் 2025 ஜூன் 28 முதல் சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 3சி என்ற அந்நாட்டுத் தர முத்திரை இல்லாத, அல்லது முத்திரை அழிந்த பவர் பேங்குக்கு அனுமதி இல்லை. நம் ஊர் பிஐஎஸ் பதிவு எண் அதற்கு ஈடாகாது. குவாங்சோவிலிருந்து இன்னொரு சந்தை ஊரான யிவூவுக்கு விமானத்தில் போகிற எண்ணம் இருந்தால் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். மூன்று சி எழுத்து நீள்வட்டத்துக்குள் அச்சாகியிருப்பதைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். கிடைக்கவில்லையா, வாங்காமலே போங்கள். அங்கே சாப்பாட்டுக் கடைகளில் வாடகைப் பவர் பேங்க் அடுக்கே இருக்கும், ஸ்கேன் பண்ணி எடுத்து வேறு கடையில் திருப்பி வைக்கலாம்.

பிளக் அடாப்டரை பஜாரிலேயே வாங்கலாம். சீனாவில் 220 வோல்ட், கிட்டத்தட்ட நம் ஊர் அளவுதான். நம் மெல்லிய இரண்டு முள் சார்ஜர் பெரும்பாலும் செருகிக்கொள்ளும், மூன்று முள் செருகாது.

ஓட்டல் பெயரையும் விலாசத்தையும் சீன எழுத்தில் அச்சடித்து இருவர் சட்டைப் பையிலும் வையுங்கள். டாக்சிக்காரரிடம் ஆங்கிலம் எடுபடாது. ரயிலுக்குத் தனி டிக்கெட் காகிதம் தேவையில்லை, பாஸ்போர்ட்தான் டிக்கெட், ஆகவே அதை ஓட்டல் அறையில் விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். பொதுக் கழிவறையில் பேப்பர் இருக்காது. கைக்குட்டை அளவு டிஷ்யூ பாக்கெட் பத்து எடுத்துக்கொள்ளுங்கள், அப்பா உங்களை வாழ்த்துவார்.

கேள்வி: மகள் சீனாவில் எம்பிபிஎஸ் படிக்கிறாள், பார்க்கப் போறேன். ராயபுரத்தில் இருக்கிற எங்க அம்மாவோட தினமும் வாட்ஸ்அப்பில் பேசணும். அங்கே சிம் வாங்கினா போதுமா?

பதில்: போதாதும்மா. வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் எதுவும் அந்த ஊர் சிம்மில் திறக்காது. நம் ஊர் சிம்மின் ரோமிங் டேட்டா நம் நிறுவனத்தின் வலை வழியாக வருவதால் அதில் வாட்ஸ்அப் பேசலாம். பயண இ-சிம் வாங்கினால், சீனாவில் வாட்ஸ்அப் திறக்குமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஓட்டல் வைஃபையில் பேச முடியவில்லை என்றால் ஃபோனைக் குறை சொல்லாதீர்கள், வைஃபையை அணைத்து டேட்டாவுக்கு மாறுங்கள். உங்கள் மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு எடுத்துப் போங்கள். மட்டன் ஊறுகாய், பச்சைக் காய், பழம் எதையும் மகளுக்காகப் பெட்டியில் வைக்க வேண்டாம், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். பருப்புப் பொடி செய்து கொடுங்கள்.

கேள்வி: பாரிமுனையில் ஒரு சந்தில் பில் இல்லாம நல்ல ரேட்டுக்கு யுவான் தராங்களாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள பணமாற்றுக் கடையில் மட்டும் வாங்குங்கள், உரிமத்தைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் அவர்கள் ரொக்கமாக வாங்க மாட்டார்கள், செக்கோ ஆன்லைனோதான். பில்லில் உங்கள் பாஸ்போர்ட் எண் இருக்கிறதா பாருங்கள். சந்தில் வாங்கினால் அந்நியச் செலாவணிச் சட்டமும் குறுக்கே நிற்கும், கள்ள நோட்டாக இருந்தால் யாரிடமும் முறையிடவும் முடியாது. யுவான் தீர்ந்துபோனால் அங்கே ஏடிஎம்மில் எடுங்கள். திரையில் "ரூபாயிலா, யுவானிலா" என்று கேட்டால் யுவானைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் அந்த மிஷின் வைத்த ரேட்டுக்கு உங்கள் கணக்கிலிருந்து கழியும்.