மந்தையோடு சேராத ஆட்டை என்ன செய்வது?

கேள்வி: என் நான்கு வெள்ளாடுகளோடு புதிதாக ஒரு பெட்டையை விட்டேன். ஒரு மாதம் ஆகியும் மற்றவை முட்டித் தள்ளுகின்றன. அது தனியாகவே நிற்கிறது. விற்றுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள்: அந்தப் பெட்டையைக் கட்டிப் போட்டிருக்கிறீர்களா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சென்னை கொருக்குப்பேட்டையில் நானும் ஆடு வைத்திருக்கிறேன். அப்போது ஐந்து. பொன்னேரிப் பக்கத்திலிருந்து கருப்பாக ஒரு பெட்டை வாங்கி வந்து, அன்றைக்கே மற்றதோடு விட்டேன். எங்கள் சந்தில் எந்நேரமும் ஆட்டோவும் மீன்பாடி வண்டியும் போகும். இங்கே வளர்ந்த ஆடுகள் ஹார்ன் அடித்தாலும் நகராது. வயலில் மேய்ந்து வந்த கருப்பி மிரண்டு ஓடிவிடுமே என்று அதை மட்டும் கம்பத்தில் கட்டினேன். நான் செய்த தப்பே அதுதான்.

ஆடுகளுக்குள் பெரியது சின்னது என்று ஒரு வரிசை உண்டு. புதிதாக ஒன்று வந்தால் முட்டிப் பார்த்துத்தான் அதற்கு இடம் ஒதுக்கும். தோற்றது நாலடி விலகிப் போனால் சண்டை முடிந்தது. கட்டிக் கிடக்கும் ஆடு எங்கே விலகும்? அது போகவில்லையே என்று மற்றது திரும்பத் திரும்ப முட்டும். கருப்பி மூன்றாம் நாளே தழையைத் தொடவில்லை.

அப்புறம்தான் மாடிப்படிக்குக் கீழே பழைய ஜன்னல் கிரில்லை வைத்து அடைத்து, அதை உள்ளே விட்டேன். கம்பி வழியாக ஒன்றையொன்று மோந்து பார்த்துக்கொள்ளும். முட்டினாலும் கம்பியில்தான் படும். (நோய் பார்ப்பதற்காக, புதிய ஆட்டை முதல் இரண்டு மூன்று வாரம் முழுக்கத் தள்ளியே வைத்திருக்க வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய் வந்தால் மந்தையே போய்விடும். நான் வைக்கவில்லை, என் நல்ல நேரம்.) பத்து நாள் கழித்து, இருப்பதிலேயே சாதுவான ஆட்டை முதலில் உள்ளே அனுப்பினேன். இரண்டும் ஒட்டிப் படுக்க ஆரம்பித்த பிறகுதான் கிரில்லை எடுத்தேன்.

முட்டல் அதிகம் நடப்பது தீனி நேரத்தில். ஆறு ஆட்டுக்கு ஏழு இடத்தில் அகத்தியும் வேப்பந்தழையும் கட்டித் தொங்கவிட்டேன். ஒன்றிடம் விரட்டு வாங்கினாலும் வாய் வைக்க இன்னொரு கட்டு இருக்கும். தண்ணீரும் இரண்டு வாளி.

இன்னொன்று. மற்றவை முட்டாமலே அது ஒதுங்கி நின்றால் உடம்புக்கு முடியவில்லை என்று சந்தேகப்படுங்கள். அசை போடுகிறதா? கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், வெளுத்திருந்தால் வயிற்றில் புழு இருக்கலாம். தாடைக்குக் கீழே வீக்கம் இருந்தாலும் அப்படித்தான். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஆட்டோவில் கொண்டுபோங்கள். ஆட்டை ஏற்ற ஆட்டோக்காரரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய வேலை.

புட்டிப்பால் குடித்து வளர்ந்த ஆடு என்றால் கதையே வேறு. எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. தாய் செத்துப்போனதால் அம்மா மடியில் வளர்ந்தது. மந்தையை அது மதிப்பதே இல்லை. வாசற்படியில் படுத்துக்கொண்டு அம்மா எங்கே போனாலும் பின்னால் போகும். அதை மாற்ற நான் முயற்சி செய்யவில்லை.

உங்கள் பெட்டை சினையாக இருந்தால் மட்டும் பொறுத்துப் பார்க்காதீர்கள். வயிற்றில் முட்டு பட்டால் குட்டி கலைந்துவிடலாம். இப்போதே தனியே வையுங்கள்.

எல்லாம் செய்தும் ஒரே ஓர் ஆடு விடாமல் முட்டுகிறதா? புதியதை விட்டுவிட்டு, முட்டுகிற ஆட்டை நாலு நாள் வேறு இடத்தில் வையுங்கள். எங்கள் கொம்புக்காரியை அத்தை வீட்டில் விட்டு அழைத்து வந்தேன். வந்ததும் மற்ற நான்கும் அதைத்தான் சுற்றி நின்று மோந்து பார்த்தன. கருப்பி அந்தப் பக்கம் திரும்பாமல் தழை தின்றுகொண்டிருந்தது.